மலையை நகர்த்திய மெக்கானிக்

ஊருக்கு வெளியே புதிய சாலை போடுகிறார்கள். யானை போன்ற இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. ஒன்று மண்ணைத் தோண்டுகிறது. ஒன்று மண்ணைத் தள்ளுகிறது. இன்னொன்று மண்ணை வயிற்றில் வாரிக்கொண்டு ஓடுகிறது. நூறு ஆட்கள் ஒரு மாதம் செய்யும் வேலை, ஓரிரு நாட்களில் முடிந்துவிடுகிறது. சிறுவர்கள் மட்டுமா வேடிக்கை பார்க்கிறார்கள்? பெரியவர்களும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த இயந்திரங்களின் சக்கரத்தைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு ரப்பர் டயர் இருக்கும். இரும்புத் தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரே ஆள் மேலே உட்கார்ந்துகொண்டு எல்லா வேலையையும் செய்வார்.

இதெல்லாம் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இல்லை. மண் அள்ளும் இயந்திரங்களில் இந்த மூன்றையும் வழக்கமாக்கியதில் பெரும் பங்கு ஒரு மனிதருக்கு உண்டு. அவர் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர் அல்ல. பள்ளிக்கூடத்தையே முடிக்காதவர். கடனில் மூழ்கிய ஒரு மோட்டார் மெக்கானிக். அவர் பெயர் ராபர்ட் கில்மோர் லெட்டூர்னோ.

படிப்பு ஏறவில்லை

1888ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி, அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ரிச்போர்டு என்ற ஊரில் லெட்டூர்னோ பிறந்தார். பெற்றோர் தெய்வ பக்தி மிக்கவர்கள். வீட்டில் பிள்ளைகள் அதிகம். பிழைப்புக்காகக் குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. முதலில் டுலுத் நகரம். பிறகு மேற்குக் கரையில் உள்ள போர்ட்லாந்து நகரம்.

பையன் நல்ல வாட்டசாட்டம். ஆனால் படிப்பு ஏறவில்லை. புத்தகத்தைக் கண்டால் கசப்பு. இரும்பைக் கண்டால் இனிப்பு. 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். பெற்றோரும் வேறு வழியின்றிச் சம்மதித்தார்கள்.

போர்ட்லாந்தில் ஒரு இரும்பு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தார். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் வேலை. உடம்பு வெந்துபோகும் வேலை. அதைத்தான் அவர் விரும்பிச் செய்தார். தபால் மூலம் தொழில் கற்றுத் தரும் பாடப் புத்தகங்கள் அவர் கைக்கு வந்தன. பாடங்களைப் படித்தார். ஆனால் பரீட்சைத் தாளை ஒரு தடவைகூட எழுதி அனுப்பவில்லை!

பிறகு சான் பிரான்சிஸ்கோ சென்றார். அங்கே ஒரு மின்சார நிலையத்தில் வேலை பார்த்தபோது வெல்டிங் கற்றார். மின்சாரத்தின் குணமும் பிடிபட்டது. பிற்காலத்தில் அவரைக் கோடீசுவரர் ஆக்கியவை இந்த இரண்டும்தான். ஆனால் அன்று அது யாருக்குத் தெரியும்?

1909ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் உள்ள ஸ்டாக்டன் நகருக்குப் போனார். விறகு வெட்டினார். பண்ணையில் கூலி வேலை செய்தார். சுரங்கத்தில் இறங்கினார். தச்சருக்குக் கையாளாக இருந்தார். எந்த வேலையும் நிலைக்கவில்லை. 1911ஆம் ஆண்டு ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் சேர்ந்தார். அப்போது மோட்டார் கார் புதிது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. லெட்டூர்னோவின் கைராசி பரவியது. அந்தக் கடையில் பாதிப் பங்குக்குச் சொந்தக்காரர் ஆனார்.

அடிமேல் அடி

1917ஆம் ஆண்டு அவர் எவலின் என்ற பெண்ணை மணந்தார். பெண் அவரைவிட ஏறக்குறைய 12 வயது இளையவர். பெண் வீட்டார் சம்மதிக்கவில்லை. இருவரும் ஊரை விட்டுச் சென்று கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அந்தக் காலத்தில் லெட்டூர்னோவுக்கு மோட்டார் பந்தயத்தில் பைத்தியம். ஒரு பந்தயத்தில் கார் மோதி, கழுத்து எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. கழுத்துக் கோளாறு மட்டும் நிலைத்துவிட்டது. முதல் உலக மகாயுத்தத்தில் அமெரிக்கா இறங்கியபோது, இந்தக் கழுத்தைப் பார்த்து ராணுவத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். எனவே கடற்படையின் மேர் தீவுக் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மின்சார இயந்திர வேலையிலும், வெல்டிங்கிலும் மேலும் தேர்ந்தார்.

யுத்தம் முடிந்தது. ஆசையோடு ஸ்டாக்டன் திரும்பினார். அங்கே என்ன காத்திருந்தது தெரியுமா?

அவர் இல்லாத நேரத்தில் ரிப்பேர் கடை நொடித்துப் போயிருந்தது. பங்குதாரர் என்ற முறையில் பாதிக் கடன் அவர் தலையில் விழுந்தது.

அதே சமயம் வீட்டிலும் இடி விழுந்தது. தம்பதிக்கு முதல் பிள்ளை ஆண் குழந்தையாகப் பிறந்திருந்தது. 1919ஆம் ஆண்டு அந்தக் குழந்தை இறந்துவிட்டது. பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கையில் காசு இல்லை. கடையும் இல்லை. தொட்டிலும் காலி.

கடைக்கு வெளியே போய் வேறு ஊரில் பிழைத்திருக்கலாம். கடன்காரர்களுக்குக் கை விரித்திருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் ஏராளம். லெட்டூர்னோ அதைச் செய்யவில்லை. தன் பங்குக் கடனைக் கட்டியே தீர்வது என்று முடிவு செய்தார். எந்த வேலை கிடைத்தாலும் செய்யத் துணிந்தார்.

ஒரு டிராக்டர், 40 ஏக்கர்

அப்போது ஒரு நிலச்சுவான்தாரர் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய டிராக்டர் கெட்டுப் போயிருந்தது. அது சங்கிலிப் பட்டை மாட்டிய ஹோல்ட் டிராக்டர்.

இந்த டிராக்டருக்கும் ஒரு கதை உண்டு. ஸ்டாக்டன் பக்கத்து நிலம் சேறும் சகதியுமானது. சாதாரணச் சக்கரம் போட்ட டிராக்டர் அதில் புதைந்துவிடும். அதே ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், 1904ஆம் ஆண்டு சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டையை மாட்டி ஓட்டிக் காட்டினார். பாரம் பரவலாக விழுந்ததால் வண்டி புதையவில்லை. புழுவைப் போல ஊர்ந்து சென்றது. அந்தக் கம்பெனிதான் 1925ஆம் ஆண்டு வேறொரு கம்பெனியுடன் சேர்ந்து, கேட்டர்பில்லர் கம்பெனி ஆயிற்று.

லெட்டூர்னோ டிராக்டரைப் பழுது பார்த்தார். அது நன்றாக ஓடியது. அதைக் கண்ட நிலச் சொந்தக்காரர், 40 ஏக்கர் நிலத்தைச் சமன்படுத்தும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

நிலத்தைச் சமன்படுத்தும் கருவிக்கு ஸ்கிரேப்பர் என்று பெயர். தச்சரின் இழைப்புளியை நினைத்துக்கொள்ளுங்கள். இழைப்புளியின் உளி மரத்தைச் சீவுகிறது. சீவல் உள்ளே வந்து விழுகிறது. ஸ்கிரேப்பரும் அப்படித்தான். அடியில் உள்ள கத்தி மேட்டு மண்ணைச் சீவும். மண் பின்னால் உள்ள தொட்டியில் நிறையும். பிறகு கத்தியை உயர்த்திக்கொண்டு பள்ளத்துக்குப் போய் மண்ணைக் கொட்டி வர வேண்டும். தோண்டுவது, சுமப்பது, பரப்புவது ஆகிய மூன்று வேலையும் ஒரே கருவியில்!

முன்பெல்லாம் கோவேறு கழுதைகளைப் பூட்டி இதை இழுத்தார்கள். லெட்டூர்னோ காலத்தில் டிராக்டர் இழுத்தது. ஆனால் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் டிராக்டரை ஓட்ட வேண்டும். இன்னொருவர் பின்னால் ஸ்கிரேப்பரில் உட்கார்ந்து கத்தியை ஏற்றி இறக்க வேண்டும். முன்னால் இருப்பவரின் நினைப்பு பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. ஒரு நொடி பிந்தினால் மேடு பள்ளமாகிவிடும்.

வெயிலில், புழுதியில், இரைச்சலில் அந்த 40 ஏக்கரைச் சமன்படுத்தியபோது லெட்டூர்னோவின் மனம் நிறைந்தது. இதுதான் என் தொழில் என்று உள்ளுக்குள் தெளிவு பிறந்தது. அப்போது அவருக்கு 30 வயது தாண்டிவிட்டது.

பழைய டிராக்டரும் புதிய யோசனையும்

1920ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பழைய ஹோல்ட் டிராக்டர் ஒன்றை வாங்கினார். ஸ்கிரேப்பர் வாங்கப் பணம் இல்லை. அதை வாடகைக்கு எடுத்தார். நிலம் திருத்தும் கான்ட்ராக்டர் ஆனார்.

பழைய இயந்திரம் வாங்குவது எல்லோருக்கும் சரிப்படாது. பெயிண்டைப் பார்த்து மயங்குகிறவன் ஏமாந்துபோவான். சங்கிலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, என்ஜின் என்ன சத்தம் போடுகிறது, உதிரி பாகம் கிடைக்குமா என்று பார்க்கத் தெரிய வேண்டும். இத்தனை ஆண்டுகள் பிறர் வண்டிகளைப் பிரித்து மாட்டிய லெட்டூர்னோவுக்கு அந்தக் கண் இருந்தது. வேலை நடுவே இயந்திரம் நின்றால், மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. அவரே மெக்கானிக். அவரே டிரைவர். அவரே முதலாளி.

பின்னால் உட்காரும் ஆளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. யோசித்தார். கப்பல் பட்டறையில் கற்ற மின்சாரம் கைகொடுத்தது. ஸ்கிரேப்பரில் மின்சார மோட்டார் பொருத்தினார். டிராக்டரிலிருந்து மின்சாரம் போயிற்று. ஓட்டுகிறவரே சுவிட்சைத் தட்டி, கத்தியை ஏற்றி இறக்கினார். இரண்டு ஆள் வேலை ஒரு ஆள் வேலை ஆயிற்று. வேலையும் சீராக வந்தது.

1921ஆம் ஆண்டு ஸ்டாக்டனில் ஒரு மனை வாங்கி, சொந்தப் பட்டறை போட்டார். அங்கே தானே ஸ்கிரேப்பர் செய்யத் தொடங்கினார். அக்காலத்தில் கனரக இயந்திரங்களை ரிவிட் ஆணி அடித்தே இணைப்பார்கள். குலுக்கலில் ஆணி தளரும். பளுவும் அதிகம். லெட்டூர்னோ ஆணியைத் தூக்கி எறிந்தார். எல்லா இணைப்பையும் வெல்டிங் மூலம் ஒட்டினார். வெல்டிங்கைப் பலர் நம்பாத காலம் அது. அவருடைய இயந்திரங்கள் வேலைக் களத்திலேயே அதற்குப் பதில் சொல்லின.

பகலில் கான்ட்ராக்ட் வேலை. இரவில் பட்டறை. களத்தில் எது உடைகிறதோ, அதைப் பட்டறையில் பலப்படுத்துவார். எது மெதுவாக ஓடுகிறதோ, அதை வேகப்படுத்துவார். காகிதத்தில் படம் போட்டு இயந்திரம் செய்தவர்களுக்குக் கிடைக்காத பாடம் இது. ஓட்டுகிறவன் முதுகுவலி என்ன என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால் அது அவர் முதுகு!

பாறை கொடுத்த பாடம்

1929ஆம் ஆண்டு தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். அதே ஆண்டில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்தது. பாங்குகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

அந்த நேரத்தில் கொலராடோ ஆற்றின் குறுக்கே பிரம்மாண்டமான ஹூவர் அணை கட்டும் வேலை தொடங்கியது. அணைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அமைக்கும் கான்ட்ராக்டை லெட்டூர்னோ எடுத்தார். மண் என்று கணக்குப் போட்ட இடத்தில் பாறை கிளம்பியது. இயந்திரங்கள் திணறின. சாலை முடிந்தது. ஆனால் பெரும் நஷ்டம். மீண்டும் கழுத்தளவு கடன்.

இரண்டாவது தடவையும் அவர் ஓடி ஒளியவில்லை. தன் நிலைமையை உட்கார்ந்து எடை போட்டார். கான்ட்ராக்டில் நஷ்டம் வருகிறது. ஆனால் தன் இயந்திரங்களை மற்ற கான்ட்ராக்டர்கள் தேடி வந்து கேட்கிறார்களே! அப்படியானால் மண் அள்ளுவதைவிட, மண் அள்ளும் இயந்திரம் செய்து விற்பதே மேல். 1933ஆம் ஆண்டு கான்ட்ராக்ட் தொழிலை விட்டார். முழு நேரமும் இயந்திரம் செய்வதில் இறங்கினார்.

இதற்குள் அவர் மற்றொரு புதுமையையும் செய்துவிட்டார். இரும்புச் சக்கரம் மணலில் புதைந்தது. 1932ஆம் ஆண்டு ஸ்கிரேப்பருக்கு ரப்பர் டயர் மாட்டினார். கல்லும் முள்ளும் கிடக்கும் இடத்தில் ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று சந்தேகம் வருவது இயல்புதானே? ஆனால் காற்றடைத்த அகலமான டயர், ஒட்டகத்தின் பாதம் போல மணல் மேல் பரவி நின்றது. வண்டி புதையவில்லை. வேகமும் கூடியது. இன்று உலகமெங்கும் ஓடும் மண் அள்ளும் வண்டிகளின் ராட்சத டயர்களுக்கு அதுவே தொடக்கம்.

1930களின் பிற்பகுதியில் டிராக்டரும் ஸ்கிரேப்பரும் ஒன்றாகச் சேர்ந்த வண்டியைச் செய்தார். அதை இழுக்கத் தனி டிராக்டர் தேவையில்லை. அதற்கு டூர்னபுல் என்று பெயர் வைத்தார். சங்கிலி டிராக்டர் ஆமை என்றால், இது குதிரை.

பியோரியா, டொக்கோவா, விக்ஸ்பர்க், லாங்வியூ என்று பல ஊர்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆஸ்திரேலியாவிலும் ஒன்று தொடங்கினார்.

யுத்தமும் இயந்திரமும்

இரண்டாவது உலக மகாயுத்தம் வந்தது. யுத்தம் என்றால் பீரங்கியும் விமானமும் மட்டும் அல்ல. விமானம் இறங்கத் தளம் வேண்டும். படை செல்லச் சாலை வேண்டும். பசிபிக் தீவுகளில் காட்டையும் பவளப் பாறையையும் வெட்டித் தளம் அமைக்க வேண்டும். அதுவும் சில நாட்களுக்குள். நேச நாடுகளின் படைகள் அந்த யுத்தத்தில் பயன்படுத்திய மண் வேலை இயந்திரங்களில் சுமார் 70 சதவீதம், லெட்டூர்னோ தொழிற்சாலைகளில் செய்தவை. முதல் யுத்தத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மனிதரை, இரண்டாவது யுத்தத்தில் ராணுவம் தேடி வந்தது!

1946ஆம் ஆண்டு, எவலின் அம்மையாரும் அவரும் சேர்ந்து டெக்சாஸ் மாநிலம் லாங்வியூவில் ஒரு தொழிற்கல்விக் கூடம் தொடங்கினார்கள். யுத்த காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்த இடம் அதற்குக் கிடைத்தது. போர்முனையிலிருந்து திரும்பிய வாலிபர்கள் அங்கே சேர்ந்தார்கள். பாதி நேரம் படிப்பு. பாதி நேரம் தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் பள்ளிக்கூடம் கட்டினார். இன்று அது அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம்.

பத்தில் ஒன்பது பங்கு

தொழிலில் பணம் கொட்டியது. அவர் என்ன செய்தார்?

லெட்டூர்னோ ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். குழந்தையைப் பறிகொடுத்த நாட்களில் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. கடவுளுக்கு ஊழியம் செய்யப் பாதிரியார்தான் ஆக வேண்டுமா? தொழில் செய்துகொண்டே செய்யக் கூடாதா? செய்யலாம் என்று அவருடைய போதகர் கூறினார். அன்று முதல் கடவுளைத் தன் தொழிலில் பங்குதாரராகவே கருதினார்.

பலர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்குக் கொடுப்பார்கள். லெட்டூர்னோ தம்பதி கணக்கைத் தலைகீழாக்கினார்கள். பத்தில் ஒன்பது பங்கைத் தருமத்துக்குக் கொடுத்தார்கள். மீதி ஒரு பங்கில் குடும்பம் நடத்தினார்கள். அதற்காக 1935ஆம் ஆண்டு ஒரு தர்ம ஸ்தாபனமும் ஏற்படுத்தினார்கள்.

சோதனை மட்டும் விடவில்லை. 1939ஆம் ஆண்டு வாலிப வயதில் இருந்த ஒரு மகன் விமான விபத்தில் மாண்டான். முதல் பிள்ளையைத் தொட்டிலில் இழந்த தாய், வளர்ந்த பிள்ளையையும் இழந்தாள். அந்தத் துக்கத்தையும் தாங்கிக்கொண்டு, தொழிற்சாலை மாணவர்களுக்குத் தாயாக நின்றார் எவலின் அம்மையார்.

60 வயதுக்கு மேல்

1953ஆம் ஆண்டு மண் வேலை இயந்திரத் தொழிலை வேறொரு பெரிய கம்பெனிக்கு விற்றார். சில ஆண்டுகள் அந்த வகை இயந்திரங்களைச் செய்வதில்லை என்று ஒப்பந்தம். வேறு யாராக இருந்தாலும் ஓய்வு எடுத்திருப்பார்கள். இவரோ புதிய வேலையைத் தேடினார்.

கடலுக்கு அடியில் எண்ணெய் எடுக்க ஒரு நடமாடும் மேடை வேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகள் யோசித்தன. லெட்டூர்னோ மூன்று இரும்புக் கால்கள் கொண்ட மேடை செய்தார். கடலில் மிதந்து செல்லும். வேண்டிய இடத்தில் மின்சார மோட்டார்கள் காலைக் கீழே இறக்கும். மேடை அலைக்கு மேலே எழும்பி நிற்கும். வேலை முடிந்தால் காலை மடக்குவது போல மேலே தூக்கிக்கொண்டு அடுத்த இடம் போகும். 1956ஆம் ஆண்டு அதை வாங்கிய கம்பெனியின் தலைவர் ஒரு வாலிபர். அவர் பெயர் ஜார்ஜ் புஷ். பிற்காலத்தில், 1989ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர் அவர்தான்.

சக்கரத்துக்கு உள்ளேயே மின்சார மோட்டாரை வைக்கும் முறையையும் பெரிய அளவில் கொண்டுவந்தார். டீசல் என்ஜின் மின்சாரம் தரும். ஒவ்வொரு சக்கரமும் தன் சொந்த பலத்தில் சுற்றும். இந்த முறையில் ராணுவத்துக்காக 1962ஆம் ஆண்டு ஒரு தரை ரயில் செய்யப்பட்டது. தண்டவாளம் வேண்டாம். 54 சக்கரங்கள். நீளம் 570 அடிக்கு மேல்! பெரிய ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டதால் ராணுவம் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் சக்கரத்துக்குள் மோட்டார் என்ற யோசனை பிழைத்துக்கொண்டது. சுரங்கங்களில் வேலை செய்யும் ராட்சத வண்டிகளில் அதை இன்றும் காணலாம்.

எல்லாமே வெற்றி என்று சொல்வதற்கு இல்லை. ஆப்பிரிக்காவில் லைபீரியாவிலும், தென் அமெரிக்காவில் பெரு நாட்டிலும் காட்டைத் திருத்திக் குடியிருப்பு அமைக்க முயன்றார். பெருவில் சாலை போட்டுத் தந்து, அதற்குப் பதிலாகக் காட்டு நிலம் பெற்றார். அவர் நினைத்த அளவுக்கு அவை செழிக்கவில்லை. மரங்களைச் சாய்த்து மிதித்து நொறுக்கும் ராட்சத இயந்திரமும் அவர் தொழிற்சாலை செய்ததுதான். 1967ஆம் ஆண்டு வியட்நாம் யுத்தத்தில் காட்டை அழிக்க அதை அமெரிக்க ராணுவம் கொண்டுபோயிற்று. காட்டின் அருமை தெரிந்த இன்றைய கண்ணுக்கு அது உறுத்தத்தான் செய்யும். மலையை நகர்த்தும் பலம் மனிதனுக்கு வந்துவிட்டது. எந்த மலையை நகர்த்தலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற அறிவு பின்னால்தான் வருகிறது.

கடைசி வரை பட்டறை

லெட்டூர்னோ 80 வயது வரை பட்டறையை விடவில்லை. வார நாட்களில் தொழிற்சாலை. வாரக் கடைசியில் சொந்த விமானத்தில் ஊர் ஊராகச் சென்று பேசுவார். ஏறக்குறைய 300 கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றார். துல்லியமாகச் சொன்னால் 299.

1969ஆம் ஆண்டு ஜூன் 1ந் தேதி அவர் காலமானார். எவலின் அம்மையார் 1987ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். லாங்வியூ தொழிற்சாலை பல கை மாறி, 2017ஆம் ஆண்டு ஜப்பானியக் கம்பெனியான கோமாட்சுவிடம் சேர்ந்தது.

அடுத்த தடவை சாலை ஓரத்தில் மண் அள்ளும் இயந்திரத்தைக் கண்டால், சற்று நின்று பாருங்கள். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டிரைவரையும் பாருங்கள். அவர் புழுதியில் இருப்பார். சட்டையில் கிரீஸ் கறை இருக்கும். 1919ஆம் ஆண்டு, கடனையும் பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தையும் சுமந்துகொண்டு, யாரோ ஒருவருடைய 40 ஏக்கரைச் சமன்படுத்திய அந்த மெக்கானிக்கும் அப்படித்தான் இருந்தார்.